ஐந்நூற்று ஓராம் யூனிட் விளக்கம்

இக்கட்டுரை என் நுதலிற்றோ எனின், ஆலங்குளத்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்டு பில்லைக் குறைக்கும் வழி நுதலிற்று. ஆலங்குளம் என்ற பெயரில் தென்காசிப் பக்கமும் ஓர் ஊர் உண்டு. அஃது ஈண்டுக் கொள்ளப்படாது. இது டான்செம் சிமெண்ட் ஆலை இருக்கும் விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். ஒரு பக்கம் ராஜபாளையம், மறுபக்கம் சிவகாசி, தலைக்கு மேல் வெயில்.

முதற்கண் தொன்மை ஆராய்வாம். பக்கத்து வெம்பக்கோட்டை அகழாய்வில் சங்கு வளையலும் சுடுமண் பொருள்களும் கிடைத்தன. மீட்டர் பெட்டி கிடைத்ததாகச் செய்தி இல்லை. ஆகவே நம் முன்னோர் 100 யூனிட்டுக்குள் வாழ்க்கை நடத்தினர் என்பது பெறப்படும். அவர்களுக்குப் பில் வராததற்கு வேறு காரணமும் இருக்கலாம் என்று வாதிடுவோர் உளர். அவரை விடுக.

பிற்கால வரலாறு இத்தனை இருட்டில் இல்லை. 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது. 2016 மே மாதம் இரு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லாமல் ஆனது. முதலில் கருவி, ஐந்தாண்டு கழித்து அதற்குத் தீனி. இடைப்பட்ட ஐந்தாண்டும் அந்தக் கிரைண்டர் என்ன செய்தது எனின், பெரும்பாலான வீடுகளில் மேலே துணி போட்டு மூடிக் கிடந்தது என்க.

இனி சிக்கலுக்கு வருவோம். 2017 கட்டண முறைப்படி, இரண்டு மாதத்தில் சரியாக 500 யூனிட் எரித்த வீடு 1130 ரூபாய் கட்டியது. 501 எரித்த வீடு 1786 ரூபாய் 60 காசு கட்டியது. இது அச்சுப்பிழை அன்று. 500ஐத் தாண்டிய கணமே முதலில் எரித்த யூனிட்டுகளின் விலையும் பின்னோக்கிப் போய் ஏறிவிடும் வகையில் அம்முறை அமைந்திருந்தது. ஆக, அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 656 ரூபாய் 60 காசு. ஒரு யூனிட்டில் என்ன நடக்கும்? ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் சூடாகும். ஒரு வீட்டுத் தாத்தா கல்யாணத்துக்குப் போக நாலு வேட்டியை எடுத்துத் தேய்த்திருப்பார். அத்தனை விலைக்குத் தேய்த்த வேட்டியைக் கட்டிக்கொண்டு போனவர் பந்தியில் 101 ரூபாய் மொய் எழுதியதைக் கஞ்சத்தனம் என்று பேசினார்கள். அவர் பக்கத்து நியாயம் இதுகாறும் பதிவாகவில்லை.

2022 செப்டம்பரில் கட்டணம் உயர்ந்தது, நிலைக்கட்டணம் போயிற்று, 500க்கும் 501க்கும் இடையிலிருந்த பள்ளமும் ஆழம் குறைந்தது. அக்கணக்கில் 500க்கு 1725, 501க்கு 1958. அதாவது அந்த யூனிட்டின் விலை 233 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. எல்லா விலையும் ஏறும் நாட்டில் மூன்றில் ஒரு பங்காக இறங்கிய ஒரே பண்டம் இதுதான். இதற்கு ஏன் விழா எடுக்கவில்லை என்பது தனி ஆய்வுக்கு உரியது. 2024 ஜூலையில் மேலும் 4.83 சதவீதம் உயர்ந்ததால் தொகைகள் சற்று மாறின. பள்ளம் இருக்கும் இடம் மாறவில்லை. ஈண்டு 2022 கணக்கையே கொள்வாம்.

இனிப் பரபக்கம், அதாவது பிறர் மதம். பில் வந்த அன்று வீடுதோறும் எழும் மதங்களுள் தலையாயது சுவிட்ச் மதம். இதன் ஆசான் பெரும்பாலும் வீட்டுப் பெரியவர். யாரும் இல்லாத அறையில் விளக்கெரிந்தால் அவருக்கு உடம்பிலேயே தெரிந்துவிடும். செல்போன் இல்லாமல் சும்மா செருகிக் கிடக்கும் சார்ஜரைக் கண்டால் பிடுங்கி எறிவார். அந்தச் சார்ஜர் இரண்டு மாதம் அப்படியே கிடந்தாலும் அரை யூனிட் இழுக்காது. ஆனால் இரவெல்லாம் அவர் தலைமாட்டில் எரிகிற ஜீரோ வாட் பல்பு உண்மையில் 15 வாட் இழுக்கும். பத்து மணி நேரக் கணக்கில் இரண்டு மாதத்துக்கு 9 யூனிட். இதை அவரிடம் சொன்ன மருமகள் யாரும் இன்னும் இல்லை.

அடுத்தது 'பேனை ஒண்ணுல வை' மதம். பெட்டி போன்ற பழைய ரெகுலேட்டர் வைத்த வீட்டில் வேகத்தைக் குறைத்தால் காற்றுதான் குறையும். மிச்சமாகும் கரண்டில் பெரும்பகுதி அந்தப் பெட்டியைச் சூடேற்றிப் போய்விடும். மின்னணு ரெகுலேட்டர் என்றால் ஓரளவு பயனுண்டு. எப்படியானாலும் இவ்வட்டாரத்தில் இம்மதம் செல்லாது. என்னை? இங்கே பலர் வேலைக்குப் போவது பயர் ஆபீசு எனப்படும் பட்டாசு ஆலைக்கு. மருந்து கலக்கும் அறையிலும் செலுத்தும் அறையிலும் பல்பு இல்லை, காற்றாடி இல்லை. ஒரு பொறி போதும் என்பதால் மின்சாரத்தையே தள்ளி வைத்திருக்கிறார்கள். பகல் வெளிச்சத்தில் வேலை, இருட்டும் முன் வீடு. நாளெல்லாம் காற்றாடியில்லாமல் வெந்துவிட்டு வந்து கால் நீட்டியவரிடம் ஒன்றில் வைக்கச் சொல்பவர் ஆய்வாளராக இருக்க முடியாது. உறவினராகவும் நீடிக்க முடியாது. உடம்பு படும் பாட்டில் மிச்சம் பிடிக்கும் எந்த வழியும் கத்திரி வெயில் தொடங்கிய மூன்றாம் நாள் தோற்கும் என்பதே எம் மதம்.

அஃதேல் சுபக்கம், அதாவது தன் மதம், யாது எனின், காற்றாடியைக் குறைக்காமல் காற்றாடியை மாற்றுக. பழைய சீலிங் பேன் சுமார் 75 வாட். பிஎல்டிசி எனப்படும் புதுவகை 28 வாட். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் ஒரு பேனுக்கு இரண்டு மாதத்தில் 42 யூனிட் மிச்சம். இரண்டு பேனுக்கு 85 என்று வைத்துக்கொள்வோம். 585 எரித்துக்கொண்டிருந்த வீடு இதனால் 500க்கு வந்து நிற்கும். பில் 2630லிருந்து 1725 ஆகும். 905 ரூபாய் மிச்சம். ஒன்று மூவாயிரம் ரூபாய் விலையில் வாங்கினாலும் ஏழு பில்லில் போட்ட காசு திரும்பிவிடும். அதே 85 யூனிட்டை 300 யூனிட் எரிக்கும் வீடு குறைத்தால் மிச்சம் 380 ரூபாய்ச் சொச்சம்தான். பள்ளத்தின் ஓரத்தில் நிற்பவருக்கே ஆதாயம் அதிகம். ஆகவே கடைக்குப் போகும்முன் கணக்கு அட்டையைப் பார்க்க.

குண்டு பல்பு இன்னும் வைத்திருப்போரும் உளர். 60 வாட்டைக் கழற்றி 9 வாட் எல்இடி போட்டால், மாலை ஐந்து மணி நேரத்துக்கு இரு மாதத்தில் 15 யூனிட். இதற்கு மேல் இதில் ஆராய ஒன்றுமில்லை.

ஆராய வேண்டியது மொட்டைமாடி. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் ராத்திரி பத்து மணிக்கு மேல் அதைக் கீழே கக்கும். அப்போது எத்தனை வாட் பேன் போட்டாலும் அது அந்த அனலைத்தான் அள்ளி அடிக்கும். ஏசி வைத்தவர் நிலை இன்னும் மோசம். தளத்தின் மேல் வெள்ளையடித்தால் வெயிலில் பெரும்பகுதி வந்த வழியே திரும்பிவிடும். சுண்ணாம்பில் கொஞ்சம் பசை கலந்து கோடைக்கு முன்னால் இரண்டு கை அடிப்பது மலிவான வழி. மழைக்குக் கரையும், வருடாவருடம் அடிக்க வேண்டும். சிமெண்ட் ஆலை இருக்கும் ஊரில் தளத்தின் குற்றத்தைப் பேசுவது இங்கிதமன்று என்பர். தளத்தைக் குறை சொல்லவில்லை, அதன் நிறத்தைத்தான்.

அதே மாடியில் நிற்கும் டேங்குக்கும் ஓர் இயல் ஒதுக்க வேண்டும். மத்தியானம் மூன்று மணிக்குக் குழாயைத் திறந்தால் அரசு மானியமோ கீசரோ இல்லாமல் வெந்நீர் வரும். ஒரே குறை, அந்நேரம் யாருக்கும் வெந்நீர் தேவைப்படாது. கீழே ஒரு டிரம்மில் பிடித்து வைத்தால் ராத்திரிக் குளியலுக்கு ஆறியிருக்கும். டேங்க் நிரம்பிய பின்னும் மோட்டார் ஓடுவது வேறு வியாதி. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு யூனிட். சீரியல் முடியட்டும் என்று தினம் கால் மணி நேரம் வழியவிட்டால் இரண்டு மாதத்தில் 15 யூனிட் தெருவில் ஓடும். இதற்குத் தானாக நிற்கும் கருவிகள் கடையில் உண்டு. விலையில்லாமல் கிடைப்பது பக்கத்து வீட்டு மதினி. "ஏ மதினி, தண்ணி வழியுது!" என்ற குரலுக்கு பேட்டரி வேண்டியதில்லை, பழுதும் ஆகாது. சண்டை போட்ட வாரம் மட்டும் வேலை செய்யாது.

கூரையில் சூரியத் தகடு போடுவது இவ்வெயிலுக்கு ஏற்ற வழியே. 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. சொந்த மாடியும் கையில் மீதிப் பணமும் உடையார்க்கு அஃது உரியது. வாடகை வீட்டார் அடுத்த பத்திக்குச் செல்க.

எல்லாம் செய்து 495இல் நிற்கும் வீட்டையும் கவிழ்ப்பது தேதி. நாளுக்கு எட்டு யூனிட் எரியும் வீட்டில் ரீடிங் எடுப்பவர் இரண்டு நாள் தள்ளி வந்தால் 16 யூனிட் கூடும், 501 கடந்துபோகும். 2021 தேர்தலில் திமுக மாதந்தோறும் கணக்கெடுப்பதாக வாக்குறுதி தந்தது. அதன்பின் வந்த பல பில்களும் இரு மாதப் பில்களாகவே இருந்தன. ஆகவே கெடு நெருங்கும் நாள்களில் மீட்டரை எட்டிப் பார்ப்பது இல்லறத்தாரின் கடமைகளுள் ஒன்றாயிற்று. இஸ்திரி நிற்கும். மாவு கடையில் வாங்கப்படும். பிள்ளைகள் மாமா வீட்டுக்கு அனுப்பப்படுவர். அங்கே ரீடிங் எடுத்து முடிந்ததா என்று விசாரித்துத்தான்.

"அண்ணாச்சி, எவ்வளவு காட்டுது?"

"நானூத்தித் தொண்ணூத்தெட்டு, அக்கா."

"மிச்சம் ரெண்டு இருக்குல்ல? அதை அடுத்த கணக்குல சேத்துக்க முடியாதா?"

"அதெல்லாம் முடியாதுக்கா."

"சரி, அந்த சைக்கிளை எடுத்துட்டுக் கொஞ்சம் வெரசாப் போங்க. மூணு நாளாத் தேய்க்காத துணி கெடக்கு."