திரேஸ்புரத்துக் குளிரும் வீட்டுக் கரிச் செலவும்: ஒரு முதல்நிலை ஆய்வு

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இன்றும் ஆந்திரசைட் நிலக்கரி போட்டு வீட்டைச் சூடாக்குகிற குடும்பங்கள் உண்டு. இன்றைக்கு அடுப்பில் எத்தனை வாளி போட்டோம், வெளியே எத்தனை பாகை குளிர் என்று எழுதி வைத்துக்கொண்டால், வருகிற பனிக்காலத்துக்கு எத்தனை டன் வாங்குவது என்ற கவலை தீர்ந்தது. தூத்துக்குடிக் கடற்கரையிலுள்ள திரேஸ்புரத்துக்கு இப்படியொரு கணக்கு இல்லாதது தமிழாய்வுலகின் பெருங்குறை என்று கருதி இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது.

முறை எளிது. ஒரு நாளின் சராசரி வெப்பம் 18 பாகைக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறதோ, அதுவே அன்றைய குளிர்ப்புள்ளி. சராசரி 10 என்றால் 8 புள்ளி. கரிச் செலவைப் புள்ளிகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வீட்டின் குணம் தெரியும். பயிருக்கு எட்டும் வெப்பத்தை இப்படித் திரட்டிக் கணக்கிடும் வழியை 1878-இல் எழுதிக்காட்டியவர் சர் ரிச்சர்டு ஸ்டிரேச்சி. தாது வருஷப் பஞ்சத்தை விசாரித்த கமிஷனுக்கும் இவரே தலைவர். பயிருக்கு எட்டிய வெயிலையும் சனங்களுக்கு எட்டாத சோற்றையும் ஒரே ஆள் கணக்கெடுத்திருக்கிறார் என்பதை அடிக்குறிப்பாகப் போட்டிருக்கலாம், மனசு கேட்கவில்லை.

திரேஸ்புரத்தில் தை மாதச் சராசரியே 25 பாகையை ஒட்டித்தான் நிற்கும். ஆகவே ஆண்டு முழுமைக்கும் குளிர்ப்புள்ளி 0. பூஜ்ஜியத்தால் வகுக்கக் கூடாது என்பது கணித விதி. ஆய்வு இங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆய்வேட்டுக்குப் பக்கம் போதாமையால் தொடர்ந்தது.

கடற்கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த முதிய தகவலாளி ஒருவரிடம் குளிர்பற்றி வினவப்பட்டது. “குளிரா? அது ஊட்டிக்காரனுக்கு வர்ற சீக்குல்லா தம்பி” என்றார். வாடைக்காற்றில் விடியுமுன் வள்ளம் தள்ளும்போது என்ன செய்வீர்கள் என்றதற்கு, “துண்டைத் தலையில கட்டுவோம்” என்றார். துண்டு எரிபொருளில் சேராது.

கரிக்குப் பஞ்சமில்லாத மாவட்டம் இது. விளாத்திகுளம் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டி, மண் பூசி மூட்டம் போட்டு, வெந்த கரியை மூட்டை மூட்டையாக லாரியில் ஏற்றுகிறார்கள். அதில் வீட்டுக்குள் நுழைவது ஒரு கைப்பிடி. பிள்ளை பெற்ற வீட்டில், குளிப்பாட்டிய குழந்தையின் ஈரத்தலைக்குச் சாம்பிராணி காட்டத் தூபக்காலில் நாலு துண்டு கங்கு. பாட்டி அதை ஊதி ஊதிச் சிவக்கவைத்து, பொடியைத் தூவி, மேலே கூடையைக் கவிழ்க்கிறாள். புகை கூடாது என்று டாக்டர்கள் சொல்வதைப் பாட்டி காதில் வாங்குவதில்லை. ஆகவே திரேஸ்புரத்தின் கரிச் செலவு வெளி வெப்பத்தை ஒட்டி ஏறி இறங்கவில்லை. பிரசவத்தை ஒட்டியே ஏறி இறங்குகிறது. இது எங்கள் முதல் கண்டுபிடிப்பு.

இரண்டாவது கண்டுபிடிப்பு நிமிர்ந்து பார்த்தபோது கிடைத்தது. ஊருக்குத் தெற்கே, துறைமுகத்தை ஒட்டி, 1979-இல் ஓடத் தொடங்கிய அனல்மின் நிலையம். கட்டப்பட்டவை ஐந்து அலகு, அலகுக்கு 210 மெகாவாட். ஒடிசாவின் தால்சேர் சுரங்கக் கரி பாரதீப்பில் கப்பலேறி இங்கே வந்து இறங்குகிறது. ஒரு யூனிட் கரண்டுக்கு ஏறக்குறைய 700 கிராம் நிலக்கரி வேண்டும். 75 வாட் பழைய ஃபேன் நாள் முழுக்கச் சுற்றினால் 1.8 யூனிட், அதாவது ஒன்றே கால் கிலோ கரி. பென்சில்வேனியாக்காரர் கரியைத் தரையில் எரித்துச் சூடேற்றுகிறார். திரேஸ்புரத்தார் உத்தரத்தில் தொங்கவிட்டுக் காற்று வாங்குகிறார். 2016-இல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று ஆனதால், அதில் 70 கிலோ கரி அரசாங்கத்துச் சீர்வரிசை.

ஆடியில் கச்சான் காற்று அனலாய் வீசும்போது ஃபேன் அதிகம் ஓடும், கரியும் அதிகம் எரியும் என்பது கருதுகோள். கச்சான் அதைக் கெடுத்தது. அதே காற்றுதான் கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகளைச் சுற்றவைத்து, கம்பியில் வரும் கரண்டில் கரியின் பங்கைக் குறைத்துவிடுகிறது. சரி, மார்கழியிலாவது ஃபேன் ஓயுமா? ஓயவில்லை. மார்கழி இரவில் ஒரு வீட்டில் ஐந்து பேர் கழுத்துவரை போர்வை போர்த்தி, அதற்கு மேலே ஃபேனை ஐந்தில் வைத்துப் படுத்திருந்தார்கள். வரைபடத்தில் சித்திரைக்கும் மார்கழிக்கும் ஒரே நேர்கோடு.

இக்கோட்டை விளக்க இரண்டு கோட்பாடுகள் உள்ளன. வீட்டுக்கார அண்ணாச்சி கொசு என்கிறார். அவர் மனைவி, ரெகுலேட்டர் போன பொங்கலுக்கே ஐந்தில் இறுகிவிட்டது, மாற்றச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம் என்கிறார். அண்ணாச்சி இதுகுறித்துக் கருத்துக் கூற மறுத்துவிட்டார்.