கேபிள் துறந்தார்

சர்க்கரையை விட்டவரிடம் பேச்சுக் கொடுத்தால் அரை மணியில் தப்பிவிடலாம். கேபிளை விட்டவரிடம் அது நடக்காது. அவர் கையில் பழைய பில் இருக்கும், புதுக் கணக்கு இருக்கும், தலைக்கு மேல் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளின் பெயர் வாயில் இருக்கும்.

தெருவுக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். அடுத்தவர் போட்ட பில்லில் குறை கண்டுபிடிப்பதே வேலையாக இருந்த ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெருக்காரர் கருவூலத்தில் கணக்கராக இருந்தவர். ஒரு காற்புள்ளிக்காக முழுப் பட்டியலையும் திருப்பி அனுப்பிய கதையை இன்றும் கண்கள் பளபளக்கச் சொல்வார்.

இவர் துறவுக்கு வித்திட்டது 2019. பார்க்கிற சேனலுக்கு மட்டும் பணம் கட்டினால் போதும் என்று டிராய் புது முறை கொண்டுவந்த வருஷம். அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு, அதற்கு மேல் கட்டணச் சேனல் ஒவ்வொன்றுக்கும் தனி விலை. ஊரே கேபிள்காரர் சொன்ன தொகையைக் கொடுத்துவிட்டுச் சோற்றைப் பார்க்கப் போயிற்று. இவர் மட்டும் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார். வசூலுக்கு வந்த தம்பி கேட்ட தொகையில் சில்லறைக் காசைக் காணோம்.

"இது எங்கப்பா போச்சு?"

"ரவுண்டா வாங்கிக்கிறோம் சார்."

முப்பது வருஷம் கருவூலத்தில் குப்பை கொட்டியவரிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? அந்த 'ரவுண்டு' அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்து, நாலைந்து வருஷம் புரையோடி, ஒரு மாதப் பிறப்பில் வெடித்தது. பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். சும்மா கொடுக்கவில்லை. ஒப்படைப்புப் பட்டியல் ஒன்று தயாரித்தார்: செட்டாப் பாக்ஸ் ஒன்று, அடாப்டர் ஒன்று, ரிமோட் ஒன்று (பின்மூடி இல்லை, ரப்பர் பேண்டு போடப்பட்டுள்ளது). தம்பியிடம் கையெழுத்து வாங்கி, அந்தத் தாளை வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருக்கிறார்.

பணத்துக்காகத்தான் விட்டேன் என்று அவர் சொல்வதை நான் நம்புவதில்லை. அவருக்கு வேண்டியிருந்தது மொட்டைமாடி. ஆள் டெல்டா கடலோரத்துக்காரர். 1982இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியபோது, சென்னைத் தூர்தர்ஷன் எட்டாத அந்தப் பக்கத்து ஊர்களில் குழாய்க்கு மேல் குழாய் செருகி, உச்சியில் அலுமினிய ஆண்டெனா கட்டி, பூஸ்டர் வைத்து, பீதுருதாலகாலா மலையிலிருந்து வரும் படத்தைப் பிடித்தார்கள். பாஷை பாதி புரியாது. புரிந்தென்ன, புரியாமலென்ன, படம் தெரிகிறதே! மழை பெய்தால் புள்ளி, காற்றடித்தால் கோடு, காக்கை வந்து உட்கார்ந்தால் மொத்தமும் திரும்பிக்கொள்ளும். அப்போதெல்லாம் தெருவே இவரைத்தான் கூப்பிடும். 1993இல் சன் டிவி வந்து, வீட்டுக்கு வீடு கேபிள் ஒயர் தொங்க ஆரம்பித்ததும் மாடியில் இவருக்கு வேலை இல்லாமல் போயிற்று. அந்த வேலையைத்தான் இப்போது தேடிப் பிடித்திருக்கிறார்.

டிடி ஃப்ரீ டிஷ் என்பது 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் வந்தது. தட்டும் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் சரி, மாதக் கட்டணம் கிடையாது. கடைக்காரர் ஆள் அனுப்புகிறேன் என்றதற்கு, "எனக்கேவா?" என்று கேட்டுவிட்டு வந்தார். ஃப்ரீ டிஷ்ஷின் செயற்கைக்கோளான ஜிசாட்-15 நிற்பது 93.5 பாகை கிழக்கில். சென்னையிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே, நன்றாக அண்ணாந்து பார்க்கவேண்டிய உயரம். அக்னி மூலையில் சமையலறைதான் இருக்கவேண்டும் என்று வாதாடுகிற வாஸ்துக்கார மைத்துனரை இதற்காகவே கூப்பிட்டு, தூர்தர்ஷனும் அங்கேதான் என்று காட்டினார். அன்று மாலை தெருவில் இருந்த எல்லோருக்கும் அந்த உரையாடல் கேட்டது.

"வருதா?"

"வரலீங்க."

"இப்ப?"

"ஏதோ வந்துச்சு... போச்சு."

"போச்சா? எந்தப் பக்கம் திருப்பறப்ப போச்சு?"

"கீழ இருக்கறவளுக்கு அது எப்படிங்க தெரியும்?"

கையில் செல்போன் இருந்தது. இருந்தும் கத்தித்தான் பேசினார். இருட்டிய பிறகு இறங்கி வந்தவர் முகத்தில் இருந்த வெளிச்சம் ஓய்வுபெற்ற நாள் விழாவில்கூட இருந்ததில்லை. வருகிறவர்களுக்கு இன்றும் முதலில் போட்டுக் காட்டுவது சிக்னல் அளவு காட்டும் பச்சைப் பட்டையைத்தான். படம் அப்புறம்.

படத்தில்தான் சிக்கல். ஃப்ரீ டிஷ்ஷில் இந்திப் படம் கொட்டுகிறது, போஜ்புரிப் பாட்டு கொட்டுகிறது. தமிழுக்கு டிடி தமிழ் இருக்கிறது. 2024 ஜனவரி வரை பொதிகை என்றிருந்ததுதான். வீட்டம்மா எட்டு மணிக்குப் பார்க்கிற தொடர் எதுவும் அதில் இல்லை. "செய்தி நல்லா போடறான், பாரு" என்று சொல்லிப் பார்த்தார். அந்த அம்மாள் பதில் சொல்லாமல் கொத்தவரங்காய் நறுக்கினார். பதில் சொல்லாமல் காய் நறுக்கினால் அந்த வீட்டில் அது தீர்மானம் நிறைவேறியதாகப் பொருள்.

ஆகவே ஓடிடி வந்தது. கேபிளுக்குக் கொடுத்ததைவிட இது கூடுதலாக ஆகுமே என்று கேட்பீர்கள். கருவூலத்துக்காரரை நீங்கள் அறியவில்லை. செலவைக் குறைக்க முடியாவிட்டால் தலைப்பை மாற்றி எழுதலாம். பிராட்பேண்ட் 'பேரன் கல்வி' என்ற தலைப்பில் போகிறது. பேரன் பாடம் படிக்கிறான் அல்லவா? ஹாட்ஸ்டார் ரீசார்ஜோடு சும்மா வருகிறது, ஆகவே அது 'தொலைபேசி'. அந்தச் சும்மாவுக்காகவே பெரிய ரீசார்ஜ் போட்டது வேறு விஷயம். பிரைம் 2016இல் வந்தபோது அறிமுக விலை வருஷத்துக்கு 499; இப்போது 1,499. அது 'மளிகை', ஏனென்றால் சாமான் சீக்கிரம் வருகிறது. 2025 ஜூனிலிருந்து அதிலும் விளம்பரம் வருகிறது, வேண்டாமென்றால் மாதம் 129 தனி. கேபிளில் விளம்பரம் வந்தபோது ரத்தக்கொதிப்பு ஏறியவர் இப்போது, "நடுவுல ஒரு வாய் தண்ணி குடிக்கலாம் சார், உடம்புக்கு நல்லது" என்கிறார். நோட்டில் 'கேபிள் டிவி' என்ற வரிக்கு நேரே மாதாமாதம் சுழியம் போட்டு, அடியில் கோடு கிழிக்கிறார்.

நெட்ஃப்ளிக்ஸுக்குத் தலைப்பே தேவைப்படவில்லை. பெங்களூரில் இருக்கும் தங்கை மகன் கணக்கில் இவருக்கும் ஒரு இடம் இருந்தது. 2023 ஜூலையில் ஒரு கணக்கு ஒரு வீட்டாருக்குத்தான் என்று நிறுவனம் கறார் செய்தது. மருமகன் மீது அதற்குமுன் இல்லாத பாசம் இவருக்குப் பொங்கியது அப்போதுதான்.

"மாப்ள, சாப்டியா? தூங்கிட்டியா? ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு."

"மாமா, மீட்டிங்ல இருக்கேன்."

"நீ இரு. நம்பரை மட்டும் சொல்லிட்டு இரு."

சொல்லி முடிப்பதற்குள் எண் காலாவதியாகிவிடும். மறுபடியும் முதலிலிருந்து. கடைசியில் திறந்துகொண்டால் பார்ப்பாரா என்றால் அதுவும் இல்லை. முன்னோட்டம் முன்னோட்டமாகத் தள்ளிக்கொண்டே போவார். இது துப்பறிகிற கதை, இது கொரியாக்காரன் எடுத்தது, இது ரொம்ப நீளம். முக்கால் மணிக்குப் பிறகு குறட்டை கேட்கும். இத்தனை வருஷத்தில் இவர் ஒரு படத்தை முழுசாகப் பார்த்து நான் அறியேன். பில்லைச் சரிபார்ப்பவருக்குப் பண்டத்தின் மீது ஆசை இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

தொடரெல்லாம் ஓடிடியிலும் கிடைக்கிறதே என்று அம்மாளுக்குச் சொல்லிக்கொடுத்தார். மேசையில் மூன்று ரிமோட். ஒன்றில் டிவியைப் போட்டு, அடுத்ததில் பெட்டியை எழுப்பி, செயலியைத் தேடி, யார் பார்க்கிறீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்லி உள்ளே போகவேண்டும். அந்த அம்மாள் கேட்ட கேள்விக்கு எந்தப் பொறியாளரிடமும் பதில் இருக்காது: "ஏங்க, டிவியப் போட்டா டிவி வராதா?" கேபிள் காலத்தில் டிவி தானாகப் பேசிக்கொண்டிருந்தது. அடுப்படியில் நின்றபடி பாதியைக் காதாலேயே பார்த்தார். இப்போது உட்கார்ந்து, தேர்ந்தெடுத்து, அழுத்தவேண்டும். உட்கார நேரமிருந்தால் அவர் ஏன் தொடர் பார்க்கிறார், தூங்கமாட்டாரா?

பிராட்பேண்ட் பணம் வசூலிக்க யார் வருகிறார் என்று நினைக்கிறீர்கள்? அதே தம்பிதான். ஊரில் பாதிக் கேபிள்காரர்கள் ஃபைபர் இழுத்து இன்டர்நெட்டும் கொடுக்கிறார்கள். முன்பு வாங்கியதைப் போல இரண்டு மடங்கு வாங்கிக்கொண்டு போகிறான். ரவுண்டாகத்தான். கல்விச் செலவில் காசு பார்க்கக் கூடாது என்று இவர் கேட்பதில்லை.

எட்டு மணிக்கு இவர் மருமகனிடம் எண் கேட்டுக்கொண்டிருக்கும்போது அம்மாள் எதிர்வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார். எதிர்வீடு எங்கள் வீடு. இன்னும் கேபிள் வைத்திருக்கும் அப்பாவி என்று என்னைத் தெருவில் கைகாட்டுகிறாரே, அந்த வீடு. என் மனைவியும் அவரும் கீரை ஆய்ந்தபடி பத்து மணி வரை பார்க்கிறார்கள். கேபிள் பில்லில் பாதியை அந்த அம்மாள் மாதம் தவறாமல் கொடுத்துவிடுகிறார். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. கடவுச்சொல் கிடையாது, எண் கிடையாது, காலாவதியும் கிடையாது.

போன மாதக் கடைசியில் இவர் வீட்டு நோட்டைத் தணிக்கை செய்தபோது 'பால்' என்ற தலைப்பில் நூற்றைம்பது ரூபாய் ஏறியிருந்தது. காரணம் கேட்டதற்கு, "பால் விக்கிற விலை உங்களுக்கு எங்க தெரியுது?" என்று பதில் வந்ததாம். மறுநாள் நடைப்பயிற்சியில் மூன்று சுற்றும் பால் விலையைப் பற்றியே பேசினார். நான் குனிந்த தலை நிமிரவில்லை.

"ஒரே வழிதான் சார்," என்றார். "அடுத்த மாசத்திலேருந்து பாலை நிறுத்திடலாம்னு இருக்கேன்."