இஃப்புக்குள் இஃப்

கேள்வி: பாடசாலை நாட்களில் நான் எழுதிய கணினி விளையாட்டின் நிரலைத் திறந்து பார்த்தேன். எல்லாம் ஒரே கோப்பில், ‘இஃப்’புக்குள் ‘இஃப்’. மாறிகளின் பெயர்கள் ஏ, ஏஏ, ஏஏஏ! வெட்கமாக இருக்கிறது. அழித்துவிடட்டுமா?
– பேராதனைப் பல்கலைக்கழக மாணவர், கண்டி

பதில்: வேண்டாம் தம்பி, தொடாதீர்கள்! அயர்லாந்துக்காரர் டெரி கவனா 2010இல் ஒரு விளையாட்டை வெளியிட்டார். பெயர் ‘விவிவிவிவிவி’. உங்கள் ஏஏஏக்கு அண்ணன்! உலகமே ரசித்து ஆடியது. பத்தாம் ஆண்டு நிறைவில், 2020 ஜனவரியில், அதன் மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டார். உள்ளே பார்த்தால், விளையாட்டின் கதையோட்டத்தை நடத்துவது நூற்றுக்கணக்கான கிளைகள் கொண்ட ஒரே ‘சுவிட்ச்’ கட்டளை. கண்டி நகர ஒருவழிப் பாதையில் எதிரே தெரிகிற கடைக்கு ஊரைச் சுற்றிப் போவதைப் போலத்தான் அதைப் படிக்க வேண்டும். ஆனால் போய்ச் சேர்ந்துவிடலாம்!

முதல் விளையாட்டை எழுதுகிறவருக்கு எதிரி நகர வேண்டும், குண்டு வெடிக்க வேண்டும், அதுவும் இன்றிரவே. ஒழுங்குக்கு எங்கே நேரம்? அந்த அவசரம் அழகானது. உங்கள் நிரலையும், பதிப்புகளைச் சேமித்து வைக்கும் ‘கிட்’ மென்பொருளில் ஏற்றிவையுங்கள். பழைய வடிவம் பத்திரமாக இருக்கும், புதியதைத் துணிந்து திருத்தலாம். ஏஏஏ எதற்கென்று ஞாபகம் இருக்கும்போதே பக்கத்தில் குறிப்பும் எழுதுங்கள்.

வெளியே காட்டவும் வெட்கப்படாதீர்கள். கவனாவின் நிரல் வெளிவந்ததும் முன்பின் தெரியாத பலர் திருத்தங்கள் அனுப்பினார்கள். 2021இல் வந்த அந்த விளையாட்டின் 2.3 பதிப்பில் அவர்களின் உழைப்பு இருக்கிறது.