வாசலில் ஒரு முயல்

கொலம்பஸ், ஒஹாயோ
ஏப்ரல் 2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? மாடிப்படி ஏறாதீர்கள் என்று டாக்டர் சொன்னதை மறந்துவிட்டு மொட்டைமாடியில் வற்றல் காயப்போடுவதாக அம்மா கோள் சொன்னாள்.

இந்த ஞாயிறு ஈஸ்டர். நாகர்கோவிலில் ஈஸ்டர் என்றால் கோட்டாறு கோவிலில் நடுச்சாமப் பூசை நடக்கும், மறுநாள் மதியம் பக்கத்து வீட்டிலிருந்து மூடிபோட்ட பாத்திரத்தில் குழம்பு வரும். இங்கே கூடவே ஒரு முயலும் வருகிறது. அது முட்டைகளைக் கொண்டுவந்து தோட்டத்தில் ஒளித்து வைக்குமாம். பதினெட்டாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மன்காரர்கள் கூட்டிவந்த முயல். முயலுக்கு ஏது முட்டை என்று கேட்க வாயெடுத்தேன். பிள்ளையாரை மூஞ்சூறு சுமக்கும் கதை கேட்டு வளர்ந்தவளுக்கு அந்த உரிமை இல்லை என்று பட்டது, விட்டுவிட்டேன்.

நாள் பார்ப்பது மட்டும் நம் ஊர்க் கணக்குதான். மார்ச் 21ஆம் தேதியோ அதற்குப் பிறகோ வரும் முதல் பவுர்ணமி கழிந்த ஞாயிறு. போன வருஷம் மார்ச் 31, இந்த வருஷம் ஏப்ரல் 20. பங்குனி உத்திரத்துக்கு நாள் சொல்லும் உங்களிடம் கொடுத்தால் விரல் மடக்கியே சொல்லிவிடுவீர்கள்.

பண்டிகை வந்தால் இங்கே கதவுக்குத்தான் முதல் புதுத்துணி. எதிர்வீட்டு அம்மாவின் கதவு என்னைவிட அதிகம் உடை மாற்றும். அக்டோபரில் பூசணி, பிப்ரவரியில் சிவப்பு இதயம். மார்ச்சில், வெளியே பனி பெய்துகொண்டிருக்க, 'வசந்தம் வந்துவிட்டது, கதவில் மாட்ட வளையம் செய்யலாம் வா' என்று என்னைக் கூப்பிட்டார்.

அதற்கென்றே டெக்கோ மெஷ் என்று ஒரு பிளாஸ்டிக் வலை விற்கிறது. கொசுவலைக்கு ஜரிகை வைத்தது போல இருக்கும். 10 அங்குல அகலம், 30 அடிச் சுருள். ரோஸ், இளமஞ்சள், இளம்பச்சை, ஊதா. 14 அங்குலக் கம்பி வளையம் ஒன்றில் சுற்றிலும் பைப் கிளீனர்களை முறுக்கிக்கொள்ள வேண்டும். புகைக்குழாய் துடைப்பதற்காக வந்த பஞ்சுக்கம்பி இது. குழாய் பிடிப்பவர் ஒருவரையும் இந்தத் தெருவில் காணோம், கம்பி மட்டும் கைவேலைக் கடையில் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. வலையைத் துண்டு துண்டாக வெட்டினால் ஓரம் நூல் நூலாகப் பிரியும். சிலர் மின்சாரச் சூட்டுக்கோலால் வெட்டி ஓரத்தை உருக்கிவிடுகிறார்கள். எதிர்வீட்டு அம்மா கத்தரிக்கோல் கட்சி.

வெட்டிய துண்டைச் சுருட்டி, நடுவில் கிள்ளிப் பிடித்து, இன்னொன்றைக் குறுக்கே வைத்து, கம்பியால் முறுக்க வேண்டும். வேலையின் உயிரே அந்தக் கிள்ளலில்தான். தோவாளைப் பிச்சிப்பூவை நழுவாமல் கட்டப் பழகிய கைக்கு இது ஒரு வேலையா? விறுவிறுவென்று வளையத்தை நிரப்பி, கம்பியை வளைத்து வெள்ளை வலை சுற்றி இரண்டு முயல் காதும் வைத்துவிட்டேன். 'எங்கே வகுப்புக்குப் போனாய்?' என்றார். 'பெரியம்மா வீட்டுத் திண்ணையில்' என்றேன். கட்டணம் எவ்வளவு என்று கேட்டார்.

ஒன்று சொல்லவேண்டும். நம் பூ சாயங்காலத்துக்குள் வாடும், தூக்கிப் போட்டால் தீர்ந்தது. இது வாடாது. அதனால் ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு பெட்டி வாங்க வேண்டும், பெட்டிக்கு இடம் வேண்டும். எதிர்வீட்டுக் கார் ஷெட்டில் கதவின் துணிமணிகள் இருக்கின்றன, கார் பனியில் நனைகிறது.

போன வாரம் முட்டையும் வந்துவிட்டது. முயல் கொண்டுவரவில்லை. ஹவுஸ் ஃபிஞ்ச் என்ற சிட்டு ஒன்று முன்கதவில் மாட்டிய என் வளையத்தில், இரண்டு காதுக்கும் நடுவே கூடு கட்டி இளநீல முட்டைகள் இட்டிருக்கிறது. முட்டையுள்ள கூட்டை அகற்றினால் குற்றம். 1918ஆம் வருஷத்துச் சட்டம். இந்தச் சிட்டும் பூர்வீகத்தில் இந்தப் பக்கத்து ஆள் இல்லை. மேற்கே பிடித்து நியூயார்க்கில் கூண்டில் விற்றவர்கள், அதே சட்டத்துக்குப் பயந்து 1940இல் திறந்துவிட்டார்களாம். அங்கிருந்து பெருகி ஒஹாயோ வரைக்கும் வந்து, பிளாஸ்டிக் முயலின் தலையில் பிரசவம் பார்க்கிறது.

பொரித்து, குஞ்சு பறக்க ஒரு மாதம் ஆகும் என்கிறார்கள். அதுவரை முன்வாசல் சிட்டுக்கு, பின்வாசல் எங்களுக்கு. உங்கள் மருமகன் பால் கேனோடு சேற்றில் வீட்டைச் சுற்றி வரும்போது சொல்வதையெல்லாம் கடிதத்தில் எழுதக் கூடாது, போனில் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி மகள்