பட்டம் பெற்ற சபை

2002-ல் பாகிஸ்தானின் முஷாரப் ஆட்சி ஒரு சட்டம் கொண்டுவந்தது: பட்டதாரி அல்லாதவர் நாடாளுமன்றத்துக்கோ மாகாண சபைக்கோ போட்டியிடக் கூடாது. மதரஸாச் சான்றிதழையும் பட்டத்துக்கு இணையாக ஏற்றுக்கொண்டார்கள். தலைமுறை தலைமுறையாகத் தொகுதியைக் கையில் வைத்திருந்த பண்ணையார்கள் சிலருக்குத் திடீரென்று கல்வித் தாகம் எடுத்தது. கல்லூரி வாசல் மிதிக்காமலே அது தணிந்தும் விட்டது.

2008 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அதற்குள் பிப்ரவரித் தேர்தல் முடிந்திருந்தது. சட்டம் செத்த பிறகும் வேட்புமனுவோடு கொடுத்த சான்றிதழ்கள் செத்தபாடில்லை. தோற்றவர்கள் அவற்றைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றப் படியேறினார்கள்.

முசாபர்கர் உறுப்பினர் ஜம்ஷெத் தஸ்தி, இஸ்லாமியக் கல்வியில் முதுகலை என்று சொல்லிக்கொண்டவர். 2010 மார்ச்சில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் குர்ஆனிலிருந்து அரிச்சுவடிக் கேள்விகள் கேட்டார்கள். (வழக்கறிஞர் வைத்துக்கொண்டு வாய்மொழித் தேர்வு எழுத முடியாது என்பது அந்த முறையின் பெரிய குறை.) பதில் வரவில்லை, பதவி விலகல் வந்தது. இடைத்தேர்தலில் அவரையே கட்சி மறுபடி நிறுத்தியது. இப்போது பட்டம் தேவையில்லையே! மே மாதம் வென்று சபைக்குத் திரும்பினார்.

அதே ஆண்டு, உறுப்பினர்களின் சான்றிதழ்களை எல்லாம் சரிபார்க்கும் படலம் சூடுபிடித்தபோது, பலுசிஸ்தான் முதல்வர் அஸ்லம் ரைசானி விவகாரத்தை ஒரே வரியில் முடித்துவைத்தார்: அசலோ போலியோ, பட்டம் பட்டம்தான்.