மாமியார் பெட்டியும் மைனஸ் இருபதும்

தூத்துக்குடியில் பனி இருக்கிற ஒரே இடம் பனிமய மாதா கோயில். அங்கேயும் அது கதையில்தான் இருக்கிறது. 4-ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியின் எஸ்குயிலின் குன்றில், கொளுத்துகிற ஆகஸ்ட் மாதத்தில் பனி பெய்தது என்பது ஐதீகம். 1713-இல் எழும்பிய எங்கள் கோயிலிலும் திருவிழா ஆகஸ்ட் 5-ஆம் தேதிதான். கச்சான் காற்று மண்ணை வாரிக் கண்ணில் அடிக்கும். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு சனம் பனி மாதாவைக் கும்பிடும். மற்றபடி நாங்கள் குளிர் என்று சொல்வது, மார்கழி விடியலில் வெப்பம் 22 டிகிரிக்கு இறங்குவதை. அதற்கே பரணிலிருந்து மங்கி குல்லா இறங்கிவிடும்.

இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, மைனஸ் இருபது டிகிரியில் எரியும் வாசல் விளக்குக்கு எந்த சார்ஜ் கட்டை, அதாவது ரீசார்ஜ் பேட்டரி, தோதுப்படும் என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. டொராண்டோவை ஒட்டிய பிராம்டனில் இருக்கிற என் மச்சினன், வீட்டு நடைபாதையின் இரண்டு பக்கமும் சோலார் விளக்கு நட்டு வைத்திருக்கிறான். கோடையில் ஜோராக எரிந்தவை, குளிர் வந்ததும் சாயங்காலமே படுத்துவிட்டனவாம். அங்கேயே கடைக்குப் போயிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் என் மாமியார் அந்த மாதம் அங்கே கிளம்பிக்கொண்டிருந்தார். டாலர் விலை எதைச் சொன்னாலும் மனசுக்குள் ரூபாயாக்கிப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறவர். “பென்சில் கட்டைக்குப் போயி டாலர் குடுப்பானா? மாப்பிள்ளை, நீங்க நல்லதாப் பாத்து வாங்குங்க. நான் கொண்டுட்டுப் போறேன்.” பெட்டியில் ஏற்கெனவே மாசி, புளி, மக்ரூன் எல்லாம் ஏறியிருந்தன.

டபிள்யூ.ஜி.சி. ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன்.

“எந்த ரிமோட்டுக்கு?” என்றார் அண்ணாச்சி.

“கனடாவுக்கு.”

“அது என்ன மாடலு?”

விளக்கினேன். கடுங்குளிரில் வேலை செய்கிற கட்டை வேண்டும் என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “குளிருக்குன்னு தனியா ஒண்ணும் வரல. ஏசி ரிமோட்டுக்குப் போடுறது வேணும்னா இருக்கு” என்றார்.

அவர் எடுத்துப் போட்டவற்றில் ஒரு கட்டையின் மேல், அதன் கொள்ளளவு 5000 எம்.ஏ.எச். என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. பென்சில் கட்டை அளவுள்ள நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு கட்டையில், எவ்வளவு நல்ல கம்பெனியாக இருந்தாலும், 2500-ஐத் தாண்டி இன்னும் சில நூறு ஏற்றலாம். அதற்கு மேல் இடம் கிடையாது. பொய் சொல்லும் கட்டைகளை எடை போட்டே கண்டுபிடித்துவிடலாம். கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி இருக்கும். இன்னொரு விஷயமும் உண்டு. தோட்ட விளக்கின் தலையில் இருக்கிற சோலார் தகடு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. அது ஒரு பகல் முழுக்கப் பாடுபட்டாலும் சில நூறு எம்.ஏ.எச்.தான் தேறும். அதனால்தான் கம்பெனிக்காரனே 600-இல் ஒரு கட்டையைப் போட்டு அனுப்புகிறான். அதற்கு 2500 வாங்கிப் போடுவது காசுக்குக் கேடு.

அண்ணாச்சி கடைசியாக உள்ளே போய், தூசி தட்டி, நிக்கல் காட்மியம் கட்டை ஒரு அட்டை கொண்டுவந்தார். குளிருக்கு உண்மையான தாதா இந்தக் கட்டைதான். 1899-இல் இதைக் கண்டுபிடித்த வால்டெமர் யுங்னர் ஸ்வீடன்காரர். குளிரைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவருடைய கட்டை மைனஸ் இருபதிலும் முகம் சுளிக்காமல் மின்சாரம் தரும். ஆனால் காட்மியம் விஷம். ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் சட்டம் போட்டு, வீட்டுச் சாமான்களிலிருந்து இதைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டது. பேரப்பிள்ளைகள் ஓடி விளையாடும் வாசலுக்கு இதை வாங்கி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் சோதனைக்கு ஒன்று வாங்கிக்கொண்டேன்.

குளிரை அறிந்தவர் ஊரில் ஒருத்தர்கூட இல்லை என்று சொல்லிவிட முடியாது. இறால் ஏற்றுமதிக் கம்பெனிகளின் குளிர்கிடங்குகளில் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். என் சித்தப்பா மகன் அப்படி ஒருவன். கத்திரி வெயிலில் பஞ்சு வைத்த கோட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டு, மைனஸ் பதினெட்டில் இறால் அட்டைப்பெட்டிகளை அடுக்குகிறவன். அவனிடம் கேட்டேன்.

“உள்ள போனா டார்ச்சு தூங்கிரும்ணே. வெளிய வந்து கட்டையக் கழட்டி உள்ளங்கையில வச்சுத் தேச்சா முழிச்சுரும்.”

புத்தகங்கள் இரண்டு பக்கத்துக்குச் சொல்வதும் இதைத்தான். குளிரில் கட்டைக்குள் இருக்கிற மின்சாரம் எங்கேயும் ஓடிப்போவதில்லை. வேதிவினை மந்தமாகி, உள்தடை ஏறி, இருப்பதைத் தர முடியாமல் நிற்கிறது. மாமியாருக்கு இதைப் புரியவைக்க, ஊட்டிக்குப் போனபோது அவருடைய தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து, கவிழ்த்தாலும் இறங்காமல் நின்றதை நினைவுபடுத்தினேன். “எண்ணெய் இருக்கு, தலைக்குத்தான் வரல. அதானே?” என்றார். நோபல் குழுவுக்கே இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வராது.

பிறகு வீட்டு ஃப்ரீஸரில் சோதனை. அதுவும் மைனஸ் பதினெட்டுதான். சின்ன எல்.இ.டி. விளக்குகளில் வகைக்கு ஒரு கட்டை போட்டு உள்ளே வைத்தேன். ராத்திரி பால் எடுக்கப் போன என் மனைவி, சீலா மீன் பொட்டலத்தின் மேல் என்னவோ மினுங்குவதைப் பார்த்துவிட்டு, “ஏங்க, மீன் கண்ணு முழிச்சிருக்கு” என்று கத்தினாள். காலையில் பார்த்தால், சாதா டார்ச் கட்டை கண்ணை மூடியிருந்தது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மங்கலாக இழுத்துக்கொண்டு கிடந்தது. காட்மியம் மட்டும் கல்யாண வீடு மாதிரி எரிந்தது.

லித்தியம் போட்டால் என்ன என்று மச்சினன் போனில் கேட்டான். “அத்தான், நோபல் பரிசே குடுத்துட்டானே!” கொடுத்தான்தான். 2019 டிசம்பரில், ஸ்டாக்ஹோம் குளிரில், லித்தியம் அயான் கட்டைக்காகப் பரிசு பெற்றவர்களில் ஒருவரான 97 வயது ஜான் குட்இனஃப் சார்பில் நோபல் உரை நிகழ்த்தியவரே நம்ம தென் தமிழ்நாட்டுக்காரர். அமரபுரம் என்கிற சிற்றூரில் பிறந்து மதுரையில் படித்த ஆறுமுகம் மந்திரம். ஆனால் லித்தியம் கட்டையைப் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் பண்ணக் கூடாது. பண்ணினால் லித்தியம் உள்ளே போகாமல் மேலேயே உலோகமாகப் படிந்து, கட்டையையே கெடுத்துவிடும். போதாததற்கு, தோட்ட விளக்குகளில் வரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் கட்டை 3.2 வோல்ட், மச்சினன் வீட்டு விளக்கு 1.2 வோல்ட்டுக்குச் செய்தது. அளவு சரியாகப் பொருந்துகிறதே என்று போட்டால், அன்றைக்கே விளக்குக்குக் காரியம்.

எங்கள் ஊரில் சோலார் விளக்கு எரியாததற்குக் காரணமே வேறு. எங்களுக்கு வருஷத்தின் மிகச் சின்னப் பகலும் பதினொன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. இங்கே கட்டையைக் கொல்வது மொட்டைமாடிச் சூடும் உப்புக்காற்றும். ஸ்பிரிங் துருப்பிடித்து, பித்தளைத் தகடு பச்சை பூத்து, கட்டை உயிரோடு இருக்கும்போதே விளக்கு செத்துப்போகும். முனைகளில் லேசாக வாசலின் தடவினால் கொஞ்ச நாள் ஓட்டலாம். இந்த உப்புக்காற்று அரிமானத்தை ஆராய்வதற்கென்றே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் எங்கள் துறைமுகப் பகுதியில் ஒரு மையம் வைத்திருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலம் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய நிலையம் அது. ஆனால் இணையத்தில் சோலார் கட்டை பற்றித் தேடினால், வருகிற அறிவுரை எல்லாம் குளிர்காலத்துக்குத்தான். எங்கள் கடலோரத்துக்கு யாரும் ஒன்றும் எழுதுவதில்லை.

முடிவாக, தானாகச் சார்ஜ் எளிதில் இறங்காத வகையில் நல்ல நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு கட்டையாக, மைனஸ் இருபது வரை வேலை செய்யும் என்று பின்னட்டையில் போட்டிருப்பதாக, ஆயிரத்துக்கு உட்பட்ட எம்.ஏ.எச்.சில் வாங்கினேன். அந்த மைனஸ் இருபது எரிவதற்கு மட்டும்தான். சார்ஜ் ஏற அதற்கும் பூஜ்யத்துக்கு மேலே வேண்டும் என்று கீழே பொடி எழுத்தில் இருக்கிறது. டிசம்பர் டொராண்டோவில் பகல் 9 மணி நேரம்கூட முழுசாகக் கிடையாது. தகட்டின் மேல் பனி வேறு மூடிக்கொள்ளும். ஆகவே நான் மச்சினனுக்குச் சொல்லியனுப்பிய அறிவுரை இதுதான்: டிசம்பரிலிருந்து மார்ச் வரை கட்டையைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடு.

“அப்ப விளக்கு எரியாதே?” என்றார் மாமியார்.

“எரியாது அத்தை.”

“வெயிலே வராத ஊருல வெயிலு லைட்டு வாங்குனவன என்ன சொல்ல! அப்ப இந்தக் கட்டைய நான் எதுக்குச் சுமக்கேன்?”

“ஏப்ரலுக்கு.”

கட்டைகளைக் கைப்பையில் வைத்து, முனைகளில் டேப் ஒட்டிக் கொடுத்தேன். பெட்டியில் மிச்சமிருந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் மாசி ஏறியது.

ஜனவரியில் பேசினார். கட்டைகளைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டாராம். எங்கே என்று கேட்டேன்.

“பிரிட்ஜுக்குள்ளதான் மாப்பிள்ளை. ஃப்ரீஸர்ல இல்ல, கீழ் தட்டுல. வெளிய கிடக்குறதுக்கு அது எவ்வளவோ சூடு.”