எங்கட பேச்சில் நடித்த மனிதர்

யாழ்ப்பாணத்தார் கே. எஸ். பாலச்சந்திரனைக் காதால் அறிந்தவர்கள். அவருடைய முகத்தை ஒருநாளும் காணாத வீடுகளிலும் அவருடைய குரல் இருந்தது. 1944இல் கரவெட்டியில் பிறந்தவர். மேடையிலும் இலங்கை வானொலியிலும் வளர்ந்து, சினிமாவுக்குள் போய், 2014 பெப்ரவரியில் கனடாவில் கண்ணை மூடினார். கதாநாயகனாக அவரை நினைவில் வைத்திருப்பவர் யாருமில்லை. அவர் குணசித்திர நடிகர். நமது ஒழுங்கையில் நடந்து போகிற மனிதரை, நடை மாறாமல், பேச்சு மாறாமல் மேடையில் கொண்டுவந்து நிறுத்துகிறவர்.

‘அண்ணை றைற்’ என்ற அவருடைய தனிநடிப்பைத் தெரியாத யாழ்ப்பாணத்தான் என் வயதில் இல்லை. மேடையில் ஒரே ஒரு ஆள். அவர் ஒரு பஸ் கொண்டக்டர். பஸ் இல்லை, சனம் இல்லை, றோட்டு இல்லை. ஆனால் அவர் வாயைத் திறந்தவுடன் பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகிற 750ஆம் இலக்க பஸ் அப்படியே வந்துவிடும். அந்த பஸ்ஸில் நெல்லியடிச் சந்தியில் ஏறி, ஒரு காலை மிதிபலகையிலும் மற்றக் காலை அந்தரத்திலும் வைத்துப் பள்ளிக்கூடம் போனவன் நான். கொண்டக்டர்மாருக்கென்று ஒரு குரல் உண்டு. மூக்கிலிருந்து வருவது போல, கடைசி எழுத்தை இழுத்து, அதே மூச்சில் ஒருவரை ஏசி, இன்னொருவரைத் தள்ளி, சாரதிக்குச் சைகையும் கொடுக்கிற குரல். பாலச்சந்திரன் அந்தக் குரலைக் கேலி செய்யவில்லை. அதற்குள் இருந்த களைப்பையும் அதிகாரத்தையும் அன்பையும் சேர்த்துப் பிடித்தார். கொண்டக்டரின் பதிலை மட்டும் கேட்டுக்கொண்டு, ஏறியது யார், இறங்கியது யார், சில்லறை இல்லையென்று நின்றது யார் என்று சபை தானாக விளங்கிக்கொண்டது. தனிநடிப்பில் இதைவிடக் கடினமான வேலை கிடையாது.

வானொலியிலும் அப்படித்தான். சில்லையூர் செல்வராசன் எழுதி, பாலச்சந்திரனும் நடித்த ‘தணியாத தாகம்’ தொடர் போகிற நேரத்தில் எங்கள் ஊரில் ஒரு வீட்டு வாசலிலிருந்து அடுத்த வீட்டு வாசலுக்கு நடந்தால் ஒரு வசனமும் தவறாது. எல்லா வீட்டிலும் அதே றேடியோ. பாத்திரங்களுக்காக அழுதவர்களை நான் கண்டிருக்கிறேன். எங்கள் ஆச்சி அதில் வருகிறவர்களைத் தன் சொந்தக்காரராகவே நினைத்துக் குறைசொல்லுவார். அவர்கள் எங்களைப் போலவே பேசினார்கள் என்பதுதான் காரணம். செந்தமிழும் இல்லை, மெட்ராஸ் தமிழும் இல்லை.

இப்போது சினிமாவுக்கு வருகிறேன். என் மனதில் கனகாலமாகக் கிடக்கிற விசயம் அங்கேதான் இருக்கிறது.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணம் பட்டணத்தில் தியேட்டருக்குக் குறைவில்லை. ராஜா, மனோகரா, வின்சர், ராணி, லிடோ, றீகல், வெலிங்டன் என்று சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றினாலே அத்தனை கட்டவுட்டும் பார்க்கலாம். எல்லாம் எம்.ஜி.ஆர்., சிவாஜி. இலங்கையிலும் தமிழ்ப் படங்கள் எடுத்தார்கள். 1966இல் ‘கடமையின் எல்லை’ வந்தது, ஷேக்ஸ்பியரின் ஹம்லெற் கதையைத் தழுவியது. 1968இல் ‘நிர்மலா’. கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராசா 1972இல் ‘குத்துவிளக்கு’ எடுத்தார். எரிந்துபோன யாழ்ப்பாண நூலகத்தைப் பிறகு திருத்திக் கட்டிய வேலையிலும் அவருடைய கை இருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்த தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள இயக்குநர், காவலூர் இராசதுரையின் எழுத்தில் ‘பொன்மணி’ எடுத்தார், 1977இல். அடுத்த வருசம் ‘வாடைக்காற்று’. செங்கை ஆழியானின் நாவல். வாடை பெயர்கிற காலத்தில் நெடுந்தீவுக்கு மீன்பிடிக்க வந்து வாடி போடுகிறவர்களின் கதை. பிரேம்நாத் மொறாயஸ் இயக்கினார். பொப் பாடகர் ஏ. ஈ. மனோகரனும் டொக்டர் இந்திரகுமாரும் முக்கிய பாத்திரங்களில் வந்தார்கள். பாலச்சந்திரனும் நடித்தார்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது என்னோடு வந்த மாமா சொன்னது இன்றும் காதில் நிற்கிறது.

“படம் பறவாயில்லையடா. ஆனா சினிமாவெண்டா சினிமா மாதிரிக் கதைக்க வேணும். இதென்ன, சந்தையில நிண்டு கதைக்கிற மாதிரி.”

மாமா கெட்டவர் இல்லை. ஒரு ஊரே அப்படித்தான் நினைத்தது. திரையில் “நீங்கள் எங்கே போகிறீர்கள்” என்றால் கைதட்டுவோம். “எங்கை போறியள்” என்றால் தியேட்டரில் ஒரு சிரிப்பு ஓடும். அதே வாய்கள்தான் திருவிழா மேடையில் ‘அண்ணை றைற்’ கேட்டு விழுந்து விழுந்து சிரித்தன, இன்னொருக்கால் செய்யச் சொல்லிக் கத்தின. எங்கள் பேச்சு சிரிப்பதற்கு நல்லது. காதலிக்க, கோபப்பட, சாக நல்லதில்லை என்று நாங்களே முடிவுகட்டி வைத்திருந்தோம். அந்த முடிவின் பாரத்தைச் சுமந்தவர்கள் பாலச்சந்திரனைப் போன்ற நடிகர்கள். அவர் ‘அவள் ஒரு ஜீவநதி’யிலும் ‘நாடு போற்ற வாழ்க’விலும் நடித்தார். அதற்குமேல் இங்கே படம் எடுப்பது அருகிப் போயிற்று.

1983 யூலைக் கலவரத்தில் படத் தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ கொளுத்தப்பட்டது. அதற்குள் கிடந்த படச்சுருள்களும் போயின. ஒரு நடிகர் இறந்தாலும் படம் இருக்கும் என்று சொல்வார்கள்; எங்கள் நடிகர்களில் சிலர் உயிரோடிருக்கும்போதே அவர்களுடைய படம் சாம்பலாயிற்று.

பிறகு 1990. போரில் மின்சாரம் நின்றது, வருசக்கணக்காக வரவில்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட சாமான். அந்தக் காலத்தில் ஒரு பின்னேரம், பக்கத்து வீட்டுப் பெடியன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து இரண்டு வயரை இழுத்து, கசெற் றெக்கோடரில் கொடுத்து, பெடலைக் கையால் சுற்றினான். ‘அண்ணை றைற்’ கசெற். அவன் வேகமாகச் சுற்றினால் கொண்டக்டரின் குரல் கீச்சுக் குரலாகிப் பஸ் பறக்கும். கை களைத்தால் குரல் தடித்து, இழுபட்டு, ஏற்றம் ஏறுகிற பழைய லேலண்ட் பஸ் போல முனகும். நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றிவர இருந்தோம். யாரோ ஒருவர் மாறிச் சுற்றுவார், கொண்டக்டர் தன் பழைய குரலுக்குத் திரும்புவார். அந்த நாட்களில் 750 ஓடவே இல்லை. ஓடாத பஸ்ஸில் நாங்கள் எல்லோரும் ஏறி யாழ்ப்பாணம் போய் வந்தோம். அந்த மனிதருக்கு நான் பட்ட கடன் அது.

பாலச்சந்திரன் கனடாவுக்குப் போனார். அங்கே ஓய்ந்திருக்கவில்லை. ரொறன்ரோவில் எங்கள் பெடியள் வேலை முடிந்து வந்து, சனி ஞாயிறுகளில் கமரா தூக்கி எடுத்த படங்களில் நடித்தார். ‘மென்மையான வைரங்கள்’, ‘சகா’ என்று பல. லெனின் எம். சிவம் 2009இல் எடுத்த ‘1999’ அவற்றுள் முக்கியமானது. ரொறன்ரோத் தமிழ் இளைஞர்களின் குழுச்சண்டையைப் பற்றிய படம். வன்கூவர் சர்வதேசத் திரைப்பட விழா வரை போயிற்று. வயது அறுபதைத் தாண்டிய பிறகு, தன் ஊரிலிருந்து பல்லாயிரம் மைல் தள்ளி, பனி கொட்டுகிற நகரத்தில், அவருக்குக் கரவெட்டித் தமிழிலேயே நடிக்கக் கிடைத்தது. ‘கரையைத் தேடும் கட்டுமரங்கள்’ என்று ஒரு நாவலும் எழுதினார். கரையோர மனிதரை அவர் கடைசிவரை விடவில்லை.

இங்கே இரண்டு பேரைச் சொல்லாமல் போக முடியாது. இருவரும் எழுத்தாளர்கள், இருவரும் எங்கள் மண்ணில் பிறந்து ஐரோப்பாவுக்குப் போனவர்கள், இருவரும் நடுவயதுக்கு வந்த பிறகே நடிகரானவர்கள்.

உடுவிலில் பிறந்து நோர்வேக்குப் போன கவிஞர் வ. ஐ. ச. ஜெயபாலன், 2011இல் வெற்றிமாறனின் ‘ஆடுகளம்’ படத்தில் பேட்டைக்காரனாக வந்தார். மதுரைச் சேவற்கட்டுக் கிழவர். அந்தத் தாடி, அந்தப் பார்வை, சேவலைத் தடவுகிற அந்தக் கை. தமிழ்நாடே வியந்தது, தேசிய விருதுக் குழுவும் சிறப்புக் குறிப்புக் கொடுத்தது. ஆனால் பேட்டைக்காரனின் குரல் ராதாரவியுடையது. மதுரைக் கதைக்கு மதுரைப் பேச்சு வேண்டும், அதில் நியாயம் இருக்கிறது. ராதாரவி அதை அருமையாகவே செய்தார். இருந்தாலும் ஈழத்தின் பெருங்கவிஞர் ஒருவர் திரையில் வாயசைக்க, இன்னொருவர் பேசுவதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்தது. 2013 நவம்பரில் ஜெயபாலன் இங்கே வந்தபோது விசா விதியை மீறினார் என்று மாங்குளத்தில் கைதுசெய்து நோர்வேக்குத் திருப்பி அனுப்பினார்கள். பேட்டைக்காரனை யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் தெரியும். ஜெயபாலன் இங்கே வேற்று நாட்டவர்.

மற்றவர் அல்லைப்பிட்டியின் ஷோபாசக்தி. பெடியனாக விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்து, விலகி, பிரான்சில் அகதியானவர். ஜாக் ஓடியார் என்ற பிரெஞ்சு இயக்குநர், தமிழ் ஒரு சொல்லும் தெரியாமலே, அவரை வைத்து ‘தீபன்’ எடுத்தார். முன்னாள் போராளி ஒருவன் பாரிஸ் புறநகரில் காவலாளியாக இருக்கிற கதை. 2015இல் கான் விழாவின் தங்கப்பனை விருது அதற்குக் கிடைத்தது. படத்தின் பெரும்பகுதி தமிழில் பேசப்படுகிறது, அதுவும் ஷோபாசக்தியின் வாயில் அல்லைப்பிட்டித் தமிழ். சந்தையில் நின்று கதைக்கிற மாதிரி என்று மாமா குறைசொன்ன பேச்சுக்கு, கானில் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

நாடு விட்டவனுக்கு அவன் விட்டு ஓடியதையே உலக சினிமா வேடமாகக் கொடுக்கும் போலிருக்கிறது. ஹெல்முட் டான்டின் என்று ஒரு ஒஸ்திரிய நடிகர், வியன்னாக்காரர். நாஜிகளை எதிர்த்ததற்காக முகாமில் அடைக்கப்பட்டு, வெளியே வந்து அமெரிக்காவுக்குப் போனவர். 1942இல் ‘மிஸஸ் மினிவர்’ படத்தில் ஹொலிவூட் அவருக்குக் கொடுத்த வேடம், விமானம் விழுந்து தப்பிய நாஜி விமானி. அவருடைய உச்சரிப்புக்கு அதுதான் பொருந்தும் என்று நினைத்தார்கள். யாரிடமிருந்து ஓடினாரோ அவராகவே நடித்துப் பிழைக்க வேண்டியிருந்தது. ஷோபாசக்தியும் தான் விட்டு வந்த வாழ்க்கையையே திரையில் திரும்ப உடுத்தினார். ஆனால் அவருக்குத் தன் சொந்த வாய் கிடைத்தது. அந்த ஒரு வித்தியாசத்துக்குப் பின்னால் பாலச்சந்திரனைப் போன்றவர்கள் முப்பது நாற்பது வருசம் மேடையிலும் வானொலியிலும் நின்ற உழைப்பு இருக்கிறது என்று நான் நம்புகிறேன். ‘நிர்மலா’வை எடுத்து நடித்த ஏ. ரகுநாதனும் அந்த வரிசைதான். நவாலியிலிருந்து பாரிஸ் போய், அங்கேயும் நாடகமும் படமும் என்றே இருந்து, 2020 ஏப்பிரலில் கொரோனாவில் போனார்.

இன்று யாழ்ப்பாணம் மாறிவிட்டது. ஆஸ்பத்திரி வீதியில் கார்கில்ஸ் சதுக்கத்தில் குளிரூட்டிய தியேட்டர். 2015இலிருந்து யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது. எங்கெங்கோ நாட்டுப் படமெல்லாம் வருகிறது. கையில் கமராவோடு திரிகிற பெடியளும் பெட்டைகளும் எங்கட பேச்சிலேயே குறும்படம் எடுக்கிறார்கள், ஒருவரும் சிரிப்பதில்லை. எனக்கு அதில் சொல்ல முடியாத சந்தோசம். ஆனால் அவர்களிடம் ‘வாடைக்காற்று’ பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டால் நாவல் வாசித்தோம் என்கிறார்கள். பாலச்சந்திரன் என்றால் யார் என்று கேட்கிறார்கள். ஹொங்கொங் நடிகர் ஒருவரின் முழுப் படப்பட்டியலும் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, நெல்லியடிச் சந்தியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் பிறந்த நடிகரைத் தெரியவில்லை. பிழை அவர்களில் இல்லை. பார்க்க நாங்கள் ஒன்றும் எடுத்து வைக்கவில்லை.

திரைப்பட விழாவை நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வருசத்தில் ஒரு பின்னேரத்தை இலங்கைத் தமிழ்ப் படங்களுக்கென்று ஒதுக்குங்கள். கீறல் விழுந்த பிரதியானாலும் காரியமில்லை, போட்டுக் காட்டுங்கள்.

மற்றது, உங்களிடம். வீட்டு மச்சில், தகரப்பெட்டியில், கனடாவிலோ லண்டனிலோ நிலவறையில், பழைய கசெற் கிடந்தால் தூக்கி எறிய வேண்டாம். ‘அண்ணை றைற்’ இருக்கலாம், ‘தணியாத தாகம்’ இருக்கலாம், ஊர்த் திருவிழாவில் ஆரோ பதிவுசெய்த நாடகம் இருக்கலாம். கசெற் நாடாவுக்கும் ஆயுள் உண்டு. பூஞ்சணம் பிடித்தால் பிறகு ஒருவராலும் மீட்க முடியாது. எங்கள் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவில் சேர்த்து வைக்கிற நூலகம் நிறுவனம் ஒலிப்பதிவுகளையும் பாதுகாக்கிறது. அவர்களிடம் கொடுங்கள், அல்லது பிரதி எடுக்கவாவது விடுங்கள். இந்த மாதமே தேடிப் பாருங்கள்.